பழுது எங்கே இருந்தது?



550 ரூபாய் விலையுள்ள ஒரு விசைப்பலகையை முன்னிட்டு, நேர்மையாகத் தொழில் செய்துவந்த ஒரு வாலிபர் மீது நான் பழி சுமத்திவிட்டேன். வேண்டுமென்று சுமத்தவில்லை, கண்ணால் கண்டதைத்தானே சொல்கிறோம் என்ற நினைப்பிலேயே சொன்னேன். கண்டது உண்மைதான். கண்டதை வைத்து நானாகக் கட்டிக்கொண்ட முடிவோ முற்றிலும் பொய். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைத்தான் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் பாடமாக நடத்தி வருகிறேன். நடத்துகிற நானே அதனை மறந்துபோனேன்.

இதனை எழுத வேண்டுமா என்று பலமுறை யோசித்தேன். சொன்ன சொல்லைத் திரும்பப் பெறுவதற்கு இயன்ற வழிகளில் இதுவும் ஒன்று என்று பட்டதால் எழுதுகிறேன். தவிரவும், இன்று நம் வீடுகள் பலவற்றில் கம்ப்யூட்டர் இருக்கிறது. எனக்கு நேர்ந்த அதே பழுது உங்களுக்கும் நேரலாம். ஆகவே, இயந்திரத்தைப் பற்றிய செய்தியையும் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டில் எது உங்களுக்குப் பயன்பட்டாலும் எனக்கு மகிழ்ச்சியே.

புதிய பலகை

எங்கள் மதரஸா அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. 2011ஆம் ஆண்டில், வளைகுடா நாட்டில் பணியாற்றிய ஊர்ச் சகோதரர் ஒருவர் மதரஸாவுக்கென்று வாங்கித் தந்தது. மாணவர் சேர்க்கைப் பதிவு, தேர்வு மதிப்பெண், மாதச் சந்தா வரவு, சான்றிதழ்கள் யாவும் அதில்தான் இருக்கின்றன. அதற்கு இணைய இணைப்புக் கிடையாது; தேவையும் ஏற்பட்டதில்லை.

அதன் விசைப்பலகை முதுமை எய்திவிட்டது. சில விசைகள் பதியவே மறுத்தன. 'ம' என்ற எழுத்து விழ வேண்டுமானால் இரண்டு மூன்று முறை ஓங்கி அழுத்த வேண்டும். ஒரு மதரஸாவின் பதிவேட்டில் 'ம' என்ற எழுத்து இல்லாமல் எத்தனை பெயர்களை எழுதிவிட முடியும்? முஹம்மதும் மர்யமும் முஸ்தஃபாவுமாக நிறைந்த பட்டியல் அல்லவா! எனவே புதிய பலகை வாங்கிக்கொள்ள நிர்வாகத்தார் அனுமதி தந்தனர்.

பள்ளிவாசல் தெருவின் முனையில் ஒரு சிறிய கம்ப்யூட்டர் கடை இருக்கிறது. அதனை நடத்தும் வாலிபர் சிறுவயதில் என்னிடம் ஓதியவர். தந்தையை இழந்தவர். தாயாரின் நகைகளை விற்றுக் கடை போட்டு அப்போது ஓராண்டுகூட நிறையவில்லை. அவரிடமே வாங்கினேன். விலை சொன்னார், ரசீது போட்டார். "ஹஜ்ரத், நான் வந்து மாட்டித் தரட்டுமா?" என்றும் கேட்டார்.

"ஒயரைச் செருகுவதற்கு ஓர் ஆளா தம்பி? நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பழைய பலகையின் முனை உருண்டையாக இருந்தது. புதியதன் முனை தட்டையான யூ.எஸ்.பி. வகை. கம்ப்யூட்டரின் பின்புறம் அத்தகைய துளைகள் சில கறுப்பாகவும், இரண்டு மட்டும் நீலமாகவும் இருந்தன. நீலம் புதுவகை, வேகமானது என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். புதிய பொருளுக்கு நல்ல இடமே இருக்கட்டும் என்று நீலத் துளையில் செருகினேன். எட்டு நாட்கள் எவ்விதக் குறையுமின்றி வேலை நடந்தது. பழைய பலகை பரணுக்குப் போயிற்று.

அசையாத திரை

ஒன்பதாம் நாள் ஆண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலைப் பெற்றோரிடம் தருவதாக அறிவித்திருந்தோம். முதல்நாள் இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டேன். வழக்கமான வண்ணத் திரை வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாகச் சில வரிகள் தோன்றின. கடைசி வரியில், தொடர வேண்டுமானால் எஃப் 1 என்ற விசையை அழுத்துக என்றிருந்தது. அழுத்தினேன். அசைவில்லை. மீண்டும் மீண்டும் அழுத்தினேன். அணைத்துப் போட்டேன். அதே திரை, அதே கட்டளை, அதே மௌனம்.

அந்தக் கடைசி வரிக்கு மேலே வேறொரு வரியும் இருந்தது. அவசரத்தில் அதனை நான் படிக்கவேயில்லை.

அஸர் தொழுகைக்குப் பின் பெற்றோர் வந்து கூடிவிட்டனர். பக்கத்துக் கிராமத்திலிருந்து தன் மகளை அழைத்துக்கொண்டு பேருந்தில் வந்திருந்த ஓர் அம்மையார், "நாளைக்கு வரட்டுமா ஹஜ்ரத்?" என்று கேட்டபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அந்த வெட்கமே கோபமாக மாறியது. கோபத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. பலகையைக் கழற்றிக்கொண்டு கடைக்கு நடந்தேன்.

கடைக்காரர் அதனைத் தம்முடைய கம்ப்யூட்டரில் பொருத்திக் காட்டினார். எல்லா விசைகளும் வேலை செய்தன. "இங்கே நன்றாக இருக்கிறதே ஹஜ்ரத். நான் ஒருதரம் மதரஸாவுக்கு வந்து பார்க்கட்டுமா?" என்று பணிவோடு கேட்டார். தட்டிக்கழிப்பதற்காகச் சொல்கிறார் என்றே எனக்குப் பட்டது. "எட்டு நாள் வேலை செய்துவிட்டுப் படுத்துவிட்டது தம்பி. வேறு கொடு" என்றேன். மறுவார்த்தை பேசாமல் வேறொன்றை எடுத்துத் தந்தார்.

அதனையும் அதே நீலத் துளையில் செருகினேன். அதுவும் அசையவில்லை. மறுநாள் அதனையும் கொண்டுபோய்ப் போட்டுவிட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

இதுவரை நடந்தது வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையிலான விவகாரம். அதோடு நின்றிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. அன்றிரவு இஷாவுக்குப் பிறகு பள்ளிவாசல் திண்ணையில் நாலைந்து பேர் அமர்ந்திருந்தோம். மதிப்பெண் பட்டியல் ஏன் வரவில்லை என்று ஒருவர் கேட்டார். "அந்தக் கடையில் இரண்டு கீபோர்டு வாங்கினேன், இரண்டும் செத்துவிட்டன. அங்கே இருப்பதெல்லாம் போலிச் சரக்குப் போலிருக்கிறது" என்றேன். அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் ஜமாஅத் நடத்தும் பள்ளிக்கூடத்தின் நிர்வாகக் குழுவில் இருப்பவர். பள்ளிக்கூடத்துக்குப் பன்னிரண்டு விசைப்பலகைகளும் மவுஸ்களும் வாங்க அப்போது பேச்சு நடந்துகொண்டிருந்தது. என்னிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. தலைப்பாகை கட்டியவர் சொன்னால் மறுபேச்சு எதற்கு?

மாணவர் கேட்ட கேள்வி

இரண்டு நாள் கழித்து உஸூலுல் ஃபிக்ஹ் பாடம். மார்க்கச் சட்டம் ஒன்றின் அடிப்படைக் காரணத்தை, அதாவது 'இல்லத்'தை, அறிஞர்கள் எவ்வாறு கண்டறிகிறார்கள் என்பது அன்றைய தலைப்பு. அதற்குரிய வழிகளுள் 'ஸப்ரு வத்தக்ஸீம்' என்பது ஒன்று. காரணமாக இருக்கக்கூடிய அனைத்தையும் முதலில் வகுத்துக்கொள்வது. பின்னர் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பொருந்தாதவற்றை நீக்குவது. நீக்க முடியாமல் எஞ்சி நிற்பதைக் காரணமாகக் கொள்வது. இன்னொரு வழி 'தவரான்'. ஒன்று வரும்போது விளைவு வந்து, அது போகும்போது விளைவும் போகுமானால் அதுவே காரணம் என்று அறிவது. திராட்சைச் சாற்றில் போதை இல்லாத வரை அது ஆகுமானது; போதை உண்டானதும் ஹராமாகிறது; தானே புளித்துக் காடியாகிப் போதை நீங்கியதும் மீண்டும் ஆகுமானதாகிறது. எனவே போதையே காரணம் என்பது இதற்குச் சொல்லப்படும் பழைய உதாரணம்.

இதனை விளக்கிக்கொண்டிருக்கையில் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்தார். "ஹஜ்ரத், தவறாக நினைக்க வேண்டாம். இரண்டு கீபோர்டும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை என்றீர்களே, இரண்டுக்கும் பொதுவாக இருந்தது எது?" என்று கேட்டார்.

"ஒரே கடை" என்று பட்டென்று பதில் வந்தது என் வாயில். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். கடை மட்டுமா பொது? கம்ப்யூட்டர் பொது. செருகிய துளை பொது. செருகிய கையும் பொது. பொதுவாக நான்கு இருக்க, மூன்றை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அந்த மூன்றும் என் பக்கத்தில் இருந்தவை.

பாடத்தை முடித்துக்கொண்டு அந்த மாணவரோடு அலுவலகத்துக்குச் சென்றேன்.

ஒவ்வொன்றாக நீக்கினோம்

கம்ப்யூட்டர் எப்படிக் கண்விழிக்கிறது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் பாய்ந்தவுடன் விண்டோஸ் எழுந்துவிடுவதில்லை. தாய்ப்பலகையில் உள்ள ஒரு சில்லில் பதிந்திருக்கும் சிறு நிரலே முதலில் எழுகிறது. பயாஸ் என்று அதற்குப் பெயர். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட பெர்சனல் கம்ப்யூட்டரிலேயே அது இருந்தது. இக்காலக் கம்ப்யூட்டர்களில் யூ.இ.எஃப்.ஐ. என்ற அதன் வாரிசு அந்த வேலையைச் செய்கிறது. நினைவகம், திரை, வட்டு, விசைப்பலகை முதலானவை இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, பொறுப்பை விண்டோஸிடம் ஒப்படைப்பது அதன் பணி. பாங்கு சொல்லிப் பள்ளியைத் திறந்து விளக்கேற்றி வைத்துவிட்டு, இமாம் வந்ததும் ஒதுங்கிக்கொள்ளும் மோதினாரைப்போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸுக்குச் சில கருவிகளோடு மட்டுமே பழக்கம். விண்டோஸ் எழுந்த பிறகு டிரைவர் எனப்படும் துணை நிரல்கள் வந்து எல்லாக் கருவிகளையும் இயக்கும். அதற்கு முன்னர் அவை இல்லை. ஆகவே, விண்டோஸில் நன்றாக வேலை செய்யும் ஒரு விசைப்பலகை, தொடக்கத்தில் ஊமையாக இருப்பது முற்றிலும் சாத்தியம். எட்டு நாட்களும் எங்கள் பலகை தொடக்கத்தில் ஊமையாகவே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் எவரும் அதனை அழுத்திப் பார்க்கவில்லை, ஆகவே தெரியவில்லை. கடையில் சோதித்ததும் ஏற்கெனவே எழுந்து ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரில்தான்.

இனி எங்கள் சோதனைக்கு வருகிறேன். பரணிலிருந்து பழைய பலகையை இறக்கினோம். அதன் உருண்டை முனைக்கு பி.எஸ். 2 என்று பெயர், 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வகை. ஊதா நிறத் துளை விசைப்பலகைக்கு, பச்சை நிறத் துளை மவுஸுக்கு. இவ்வகையை மின்சாரத்தை அணைத்த பிறகே செருக வேண்டும். செருகிப் போட்டு எஃப் 1 அழுத்தினோம். திரை நகர்ந்தது, விண்டோஸ் எழுந்தது. ஆக, தாய்ப்பலகை செத்துவிடவில்லை என்பது தெளிவாயிற்று. ஒரு காரணம் நீங்கியது.

அடுத்து, என் மருமகன் வீட்டில் நாள்தோறும் பயன்படும் ஒரு யூ.எஸ்.பி. பலகையை இரவல் வாங்கி வந்தார் மாணவர். அது அந்தக் கடையில் வாங்கியதன்று. அதனை நீலத் துளையில் செருகிப் போட்டோம். மின்சாரம் வந்ததும் அதன் மூன்று சிறு விளக்குகளும் ஒருகணம் மின்னின. ஆனால் எஃப் 1 அசையவில்லை. நம் லாக் விசையை அழுத்தினோம். அதற்குரிய விளக்கு மாறவேயில்லை. அந்த விளக்கை ஏற்றுவதும் அணைப்பதும் பலகையன்று, கம்ப்யூட்டர். விளக்கு மாறினால் கம்ப்யூட்டர் பலகையின் பேச்சைக் கேட்கிறது என்று பொருள். மாறவில்லையென்றால், பலகைக்கு மின்சாரம் போகிறது, பேச்சு மட்டும் போய்ச் சேரவில்லை.

மூன்று பலகைகள், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில் வாங்கியது, மூன்றும் ஒரே விதமாக ஊமை. கடைக்காரர் என்ற காரணம் அந்த இடத்திலேயே நீங்கிவிட்டது. எனக்கு உடம்பு வியர்த்தது.

மாணவர் அதே பலகையை நீலத்திலிருந்து எடுத்துக் கறுப்புத் துளையில் செருகிவிட்டு மீண்டும் போட்டார். நம் லாக் விளக்கு எரிந்தது, அணைந்தது, எரிந்தது. எஃப் 1 வேலை செய்தது. மறுபடி நீலத்தில் செருகினார், ஊமை. மறுபடி கறுப்பில், பேசியது. தவரான் என்று நான் பாடம் நடத்தியதை அவர் என் கண்முன் நடத்திக் காட்டினார்.

காரணம் இதுதான். யூ.எஸ்.பி. முதன்முதலில் வந்தது 1996இல். அதன் மூன்றாம் வகை 2008இல் வரையறுக்கப்பட்டது. நீலத் துளை பெரும்பாலும் அதற்குரிய அடையாளம். தொடக்க ஆண்டுகளில் தாய்ப்பலகையின் முதன்மைச் சில்லிலேயே அந்த வசதி இருக்கவில்லை. இன்டெல் தன் சில்லுத் தொகுதியில் அதனைச் சேர்த்தது 2012இல்தான். அதற்கு முந்திய தாய்ப்பலகைகளில் வேறொரு தனிச் சில்லைப் பதித்து நீலத் துளைகளைத் தந்தார்கள். அத்தகைய சில பலகைகளில் அந்தத் தனிச் சில்லைப் பயாஸுக்குத் தெரியாது. விண்டோஸ் எழுந்து டிரைவர் வந்த பிறகே அத்துளைகள் உயிர்பெறும். எங்கள் கம்ப்யூட்டர் 2011ஐச் சேர்ந்தது.

அப்படியானால் எஃப் 1 அழுத்தச் சொல்லித் திரை நின்றது ஏன்? இம்முறை மேல்வரியைப் படித்தேன். பேட்டரி தீர்ந்துவிட்டது, தேதியும் நேரமும் அழிந்துவிட்டன என்றது அது. தாய்ப்பலகையில் நாணயம் போன்ற ஒரு பேட்டரி இருக்கும். கம்ப்யூட்டரை அணைத்த பின்னும் கடிகாரத்தை ஓடச் செய்வது அதுதான். 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. வகைக் கம்ப்யூட்டரிலேயே இந்த ஏற்பாடு உண்டு. இப்போது பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற எண்ணுடைய 3 வோல்ட் பேட்டரியே பயன்படுகிறது. எங்களுடையது சில வாரங்களாகவே தள்ளாடியிருக்கிறது. ஒரு சான்றிதழில் தேதி பின்தங்கி அச்சானதைப் பார்த்துவிட்டு, தட்டியவர் கவனக்குறைவு என்று ஒரு மாணவரைக் கடிந்துகொண்டதும் அப்போது நினைவுக்கு வந்தது. மின்சாரம் இல்லாத அந்த இரவில் பேட்டரி முழுவதும் தீர்ந்துபோயிற்று.

உங்கள் வீட்டில் நேர்ந்தால்

புதிய விசைப்பலகை, கம்ப்யூட்டர் தொடங்கும்போது அசையவில்லையென்றால், கடைக்கு ஓடுவதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்.

திரையில் உள்ள எல்லா வரிகளையும் பொறுமையாகப் படியுங்கள். பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில், விசைப்பலகையே இல்லை என்று அறிவித்துவிட்டு, தொடர எஃப் 1 அழுத்துக என்று கேட்கும் வேடிக்கையும் உண்டு. ஆயினும், எந்தக் குறையால் நிற்கிறது என்பது பெரும்பாலும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும்.

அடுத்து, பலகையின் முனையைக் கழற்றி, கம்ப்யூட்டரின் பின்புறத்தில் உள்ள கறுப்பு யூ.எஸ்.பி. துளையில் நேரடியாகச் செருகுங்கள். முன்புறத் துளையோ, பல துளைகள் கொண்ட இணைப்புப் பெட்டியோ இப்போதைக்கு வேண்டாம். நம் லாக் விளக்கு மாறுகிறதா என்று கவனியுங்கள்.

ஒயர் இல்லாத பலகையாக இருந்தால், அது எவ்வகை என்று பாருங்கள். சிறிய வாங்கியைத் துளையில் செருகும் வகை பெரும்பாலும் தொடக்கத்திலேயே வேலை செய்யும். புளூடூத் வகை பெரும்பாலும் விண்டோஸ் எழுந்த பிறகே இணையும். அது பழுதன்று, அதன் இயல்பு. அத்தகையதை வைத்திருப்போர், ஒயருள்ள எளிய பலகை ஒன்றையும் அலமாரியில் வைத்திருப்பது நல்லது. விளையாட்டுக்கென்று விற்கப்படும் சில பலகைகளில் தனி முறை ஒன்று இருக்கும். அம்முறையைப் பயாஸ் புரிந்துகொள்ளாமற் போகலாம். சாதாரண முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

பலகையை வேறொரு கம்ப்யூட்டரில் சோதிப்பதானால், அதனையும் அணைத்துப் போட்டுத் தொடக்கத்திலேயே சோதியுங்கள். அவ்வாறே வேறொரு பலகையை இரவல் வாங்கி உங்கள் கம்ப்யூட்டரிலும் பாருங்கள். இரண்டையும் செய்தால் பழுது எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும்.

பயாஸின் அமைப்புத் திரைக்குள் செல்ல முடிந்தால், பழைய முறை யூ.எஸ்.பி. ஆதரவு என்று பொருள்படும் அமைப்பு இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். ஃபாஸ்ட் பூட் என்ற விரைவுத் தொடக்கம் இருந்தால் அதனை நிறுத்துங்கள். நேரத்தை மிச்சப்படுத்துவதற்காக யூ.எஸ்.பி. கருவிகளைப் பார்க்காமலேயே தாண்டிச் செல்வது அதன் வழக்கம். விண்டோஸ் 8 முதற்கொண்டு வந்த கம்ப்யூட்டர்களில், ஷட் டவுன் என்று கொடுத்தால் பாதி உறக்கத்தில்தான் போகும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுமையாகத் தொடங்கும். அவற்றில் ஷிஃப்ட் விசையை அழுத்தியவாறே ரீஸ்டார்ட் கொடுத்தால், தொடக்கத்தில் எதையும் அழுத்தாமலே அமைப்புத் திரைக்குச் செல்லும் வழியும் பெரும்பாலும் கிடைக்கும்.

பேட்டரி மாற்றுவதாக இருந்தால், மின் இணைப்பை முழுவதும் கழற்றிவிட்டே பெட்டியைத் திறக்க வேண்டும். கடிகாரக் கடைகளில் அந்தப் பேட்டரி கிடைக்கும். மாற்றிய பின் தேதியையும் நேரத்தையும் திருத்திச் சேமித்துவிட்டால் போதும்.

இன்னொரு பழுது

கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது. நான் பேசிய பேச்சோ ஊருக்குள் உலவிக்கொண்டிருந்தது.

குறையுள்ள பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை மார்க்கம் நமக்கு வழங்கியிருக்கிறது. 'கியாருல் அய்பு' என்று ஃபிக்ஹு நூல்களில் அதற்கு ஒரு பகுதியே உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், குறையைக் கண்டால் தாமதியாமல் திருப்ப வேண்டும். ஹனஃபி மத்ஹபில் அவ்வளவு விரைவு நிபந்தனையன்று. ஆயினும், அக்குறை விற்பவர் கையில் இருக்கும்போதே இருந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. பொருளில் இல்லாத குறைக்காக நான் இரண்டு தடவை திருப்பியிருக்கிறேன். பணத்தையும் வாங்கியிருக்கிறேன். விற்பவர் குறையை மறைப்பது பாவம் என்று மேடைகளில் பேசுகிறோம். வாங்குபவர் இல்லாத குறையைச் சொல்வதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை.

அதனினும் பெரியது திண்ணையில் நடந்தது. ஒருவரிடம் இருக்கும் குறையை அவர் இல்லாதபோது பேசினால் புறம். இல்லாததைப் பேசினால் அவதூறு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நான் புறம் பேசவில்லை. அதைவிடக் கீழே இறங்கியிருக்கிறேன். திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயமான அல்ஹுஜுராத், ஒரு செய்தி வந்தால் தீர விசாரிக்குமாறு 6ஆம் வசனத்திலும், சந்தேகங்களில் பலவற்றை விட்டு விலகுமாறு 12ஆம் வசனத்திலும் நமக்குக் கட்டளையிடுகிறது. வேறொருவர் கொண்டுவரும் செய்தியை விசாரிக்க வேண்டும் என்று பலமுறை பயான் செய்திருக்கிறேன். என் மனமே கொண்டுவந்த செய்தியையும் விசாரிக்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்குச் சென்றேன். வழக்கம்போல் எழுந்து ஸலாம் சொன்னார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். திண்ணையில் சொன்ன சொற்களையும் மறைக்காமல் சொன்னேன். அதுதான் கடினமாக இருந்தது. "என்னை மன்னித்துவிடு தம்பி" என்றேன்.

சற்று நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "திண்ணையில் பேசியது எனக்கு அன்று இரவே தெரியும் ஹஜ்ரத். உம்மாதான் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நான் மன்னித்துவிட்டேன். உம்மாவிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்" என்றார்.

அவருடைய தாயாரிடம் சென்று சொன்னேன். திண்ணையில் அன்று இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போய், நான் சொன்னது பொய், பழுது எங்கள் கம்ப்யூட்டரில்தான் என்று சொன்னேன். ஒருவர் சிரித்தார். ஒருவர், "இதற்கெல்லாமா ஹஜ்ரத் இவ்வளவு?" என்றார். பள்ளிக்கூட நிர்வாகத்தைச் சேர்ந்தவர் மட்டும் முகம் வாடினார். பன்னிரண்டு பலகைகளுக்கும் முந்திய நாளே வெளியூரில் பணம் கட்டிவிட்டார்களாம். அந்த வியாபாரம் திரும்பி வரவில்லை. மன்னிப்பு கிடைத்துவிட்டது, ஒரு சிறு கடைக்கு அந்த மாதத்தில் வந்திருக்க வேண்டிய வரவு என் நாவினால் போனது போனதுதான்.

அதே கடையில், அதே 550 ரூபாய்க்கு, நான் திருப்பிக் கொடுத்த அதே பலகையைக் கேட்டு வாங்கி வந்தேன். கறுப்புத் துளையில் இருக்கிறது. இந்தக் கட்டுரையை அதில்தான் தட்டினேன்.

அருமை வாசகர்களே! உங்கள் வீட்டில் ஒரு பொருள் பழுதானால், ஒரு பிள்ளை மதிப்பெண் குறைந்து வந்தால், ஒரு மருமகளின் சமையலில் உப்புக் கூடினால், முதலில் தோன்றும் காரணத்தை உடனே உதட்டுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். இருக்கக்கூடிய காரணங்களை எண்ணிப் பாருங்கள். அப்படி எண்ணும்போது உங்களையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொள்ளுங்கள். வல்ல அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக! நம்மால் நஷ்டமடைந்தோருக்கு அவன் தன் அருளிலிருந்து ஈடு செய்வானாக! ஆமீன்.